ஹிஸ்பாவும் மருத்துவத் தரமும்

நோயாளிக்கு எட்டும் தொலைவில் மருத்துவமனை இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அங்கே அவருக்குக் கிடைப்பது உண்மையிலேயே மருத்துவம்தானா என்பது வேறொரு கேள்வி. வருவாய் குறைந்த நாடுகளில் நெடுங்காலமாக முதற் கேள்வியே பேசப்பட்டு வந்தது. கட்டடம் எத்தனை, படுக்கை எத்தனை, மருத்துவர் எத்தனை பேர் என்று கணக்கிடுவதோடு ஆட்சியாளரும் அறிஞரும் அமைந்தனர். இரண்டாம் கேள்வியின் கனம் அண்மைக் காலத்தில்தான் வெளிப்பட்டது. 'லான்செட் குளோபல் ஹெல்த்' ஆய்விதழ் அமைத்த ஆணையம் 2018-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. குறைந்த வருவாய், நடுத்தர வருவாய் நாடுகளில் உரிய மருத்துவத்தால் தடுத்திருக்கக்கூடிய மரணங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 86 இலட்சம் என்று அது மதிப்பிட்டது. அவற்றுள் மருத்துவத்தை நாடாமலும் பெறாமலும் மாண்டவர்கள் 36 இலட்சம். மருத்துவத்தை நாடிச் சென்றும் அதன் தரக்குறைவால் மாண்டவர்கள் 50 இலட்சம். வீட்டிலேயே இருந்து இறந்தவர்களைவிட, மருத்துவமனை வாயிலைத் தாண்டிச் சென்று இறந்தவர்களே மிகுதி என்பது இதன் பொருள்.

நம் பகுதியை வைத்தே இதனை எண்ணிப் பார்க்கலாம். திண்டுக்கல் மாவட்டம் பழனி வட்டத்தில் கீரனூர் என்னும் பேரூராட்சி உள்ளது. புதுக்கோட்டை மாவட்டத்திலும் இப்பெயரில் ஓர் ஊர் உண்டு. நாம் குறிப்பது முஸ்லிம்கள் கணிசமாக வாழும் பழனிப் பக்கத்துக் கீரனூரை. அவ்வூரார் மேல்சிகிச்சைக்குப் பழனிக்குச் செல்கின்றனர். நோய் அதற்கும் மிஞ்சினால் பழனியிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திண்டுக்கல்லுக்கோ, மதுரைக்கோ, கோயம்புத்தூருக்கோ செல்கின்றனர். 2022 ஜனவரியில் திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டதால் முதற் கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்துவிட்டது. ஆனால் செல்லும் இடத்தில் கிடைப்பது எத்தகையது என்பதை எளிய குடும்பம் ஒன்று எவ்வாறு அறியும்? நண்பர் சொல்லையும் கட்டடத்தின் தோற்றத்தையும் தவிர அதனிடம் வேறு அளவுகோல் இல்லை.

அந்த அளவுகோலை நோயாளியின் சார்பில் வேறொருவர் ஏந்தி நிற்க வேண்டும் என்பதே இன்றைய மருத்துவத் தர அங்கீகாரத்தின் அடிப்படைக் கருத்து. இக்கருத்து நமக்குப் புதிதன்று. இஸ்லாமிய நாகரிகம் இதனை ஹிஸ்பா என்னும் பெயரால் அறிந்திருந்தது. அவ்வரலாற்றை நம் பெருமைக்காக மட்டும் எடுத்துரைப்பது நம் நோக்கமன்று. நம் சமுதாயம் இன்று நடத்தும் மருத்துவ அறப்பணிகளை அதே அளவுகோலால் அளக்க நாம் முன்வருவோமா என்பதே இங்கு நம் வினா.

ஷரீஅத்தின் நிலைப்பாடு

மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து, அதனால் தீங்கு விளையுமாயின் அதற்கு அவரே ஈடு செய்யும் பொறுப்பாளி ஆவார் என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் 'ஸாதுல் மஆத்' நூலில் இதனை விரித்து, மருத்துவர்களை வகைப்படுத்தி, எவர் மீது ளமான் என்னும் ஈட்டுப் பொறுப்பு சாரும், எவர் மீது சாராது என்று ஆராய்ந்துள்ளார்கள். கலையை அறிந்து, நோயாளியின் இசைவுடன், முறை தவறாமல் செய்த மருத்துவர் மீது பொறுப்பு இல்லை. அறியாதவரோ நல்லெண்ணத்துடன் செய்தாலும் பொறுப்பிலிருந்து நீங்குவதில்லை.

திண்டுக்கல், பழனி வட்டார முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றுவது ஹனஃபீ மத்ஹப். அம்மத்ஹபின் நூல்களில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்தொன்று மாணவர் அனைவரும் அறிந்தது. அறிவு முதிர்ந்த மனிதன் தன் செல்வத்தை வீணாக்கினாலும் அவன் உரிமையைப் பறிக்கலாகாது என்பது இமாம் அவர்களின் நிலை. தனிமனித உரிமையை அவ்வளவு தூரம் மதித்த அவர்களே மூவரைத் தொழில் செய்ய விடாது தடுக்க வேண்டும் என்றார்கள். மார்க்கத்தை விளையாட்டாக்கும் முஃப்தீ, அறியாமையுடைய மருத்துவன், வாகனமின்றியே வாடகைக்கு ஒப்புக்கொள்ளும் வக்கற்ற வாடகைக்காரன் ஆகியோரே அம்மூவர். முதலாமவன் மக்களின் மார்க்கத்தையும், இரண்டாமவன் உடலையும், மூன்றாமவன் பொருளையும் கெடுக்கின்றனர். பொதுத்தீங்கைத் தடுக்கத் தனியொருவரின் தீங்கைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற ஃபிக்ஹ் விதி இதற்கு அடிப்படை. மருத்துவர் தகுதியைச் சோதிப்பது ஆட்சியாளரின் விருப்பத்துக்கு விடப்பட்ட செயலன்று, மக்களுக்கு அவர் செலுத்த வேண்டிய கடமை என்ற தெளிவு இவ்விதியிலிருந்தே பிறந்தது.

பக்தாதில் நடந்த தேர்வு

ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931-ஆம் ஆண்டு. மருத்துவர் ஒருவரின் தவற்றால் பக்தாதில் ஒருவர் இறந்துபோன செய்தி அப்பாஸிய கலீஃபா அல்முக்ததிரின் செவிக்கு எட்டியது. நகர முஹ்தஸிபுக்குக் கலீஃபா ஆணையிட்டார். ஸினான் பின் ஸாபித் என்னும் தலைமை மருத்துவர் சோதித்து இசைவளித்தாலன்றி எவரும் மருத்துவம் செய்யலாகாது என்பது ஆணை. புகழ்பெற்றோரும் அரசவை மருத்துவர்களும் விலக்கப்பட்டனர். அவர்கள் நீங்கலாக நகரின் இருகரையிலும் இருந்து தேர்வுக்கு வந்தோர் 860-க்கும் சற்று மேற்பட்டோர் என்று இப்னுல் கிஃப்தீயும் இப்னு அபீ உஸைபிஆவும் பதிவு செய்துள்ளனர். ஒவ்வொருவருக்கும் அவர் எந்த அளவுக்கு மருத்துவம் செய்யலாம் என்ற வரம்பும் வகுக்கப்பட்டது.

அத்தேர்வில் நடந்த ஒரு நிகழ்ச்சி இன்றைக்கும் பொருள் பொதிந்தது. நல்லாடை அணிந்த கம்பீரமான முதியவர் ஒருவர் வந்தார். ஸினான் அவரை மதித்து அமர்த்தி, அவருடைய ஆசிரியர் யார் என வினவினார். முதியவர் பொற்காசுகள் பொதிந்த தாளொன்றை முன்வைத்து, தமக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றும், குடும்பத்தை இத்தொழிலால்தான் காப்பதாகவும், பிழைப்பைக் கெடுத்துவிட வேண்டாம் என்றும் வேண்டினார். ஸினான் சிரித்து, அறியாத நோயில் கைவைக்கக் கூடாது, இரத்தம் எடுத்தலும் கடும் பேதி மருந்தும் எளிய நோய்கள் நீங்கலாகப் பிறவற்றுக்குக் கூடாது என்று நிபந்தனை விதித்து அனுமதித்தார். தம் வாழ்நாள் முழுதும் காடித்தேன் பானமும் பன்னீர்ச் சர்பத்தும் தவிர வேறெதையும் தாம் கொடுத்ததில்லை என்றார் முதியவர். மறுநாள் வந்த இளைஞர், தாம் அம்முதியவரின் மகன் என்றும் தந்தையிடமே கற்றதாகவும் கூறினார். தந்தையின் வரம்பைத் தாண்டாதே என்று அவருக்கும் அனுமதி கிடைத்தது.

இதனைப் படிப்போர் சிலர் நகைப்பர். சிலர் ஸினான் தளர்ந்துவிட்டார் என்பர். நாம் இதில் வேறொன்றைக் காண்கிறோம். மருத்துவர் போதாத ஒரு நாட்டில் கல்லாதார் அனைவரையும் ஒரே நாளில் விரட்டிவிட்டால் ஏழை நோயாளி யாரிடம் செல்வார் என்ற கேள்வி ஸினானுக்கு முன் இருந்தது; இன்றும் நமக்கு முன் இருக்கிறது. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் முறையான கல்வியின்றிக் கிராமங்களில் மருத்துவம் செய்துவந்த 304 பேரைக் கொண்டு பொருளியல் அறிஞர்கள் ஓர் ஆய்வு நடத்தினர். அவர்களுள் ஒரு பகுதியினருக்கு 9 மாதப் பயிற்சி அளிக்கப்பட்டது. 2016-இல் வெளியான முடிவு இருமுகம் கொண்டது. பயிற்சி பெற்றோர் நோயை முறையாகக் கையாள்வது ஓரளவு உயர்ந்தது; தேவையற்ற மருந்துகளை அள்ளிக் கொடுக்கும் பழக்கமோ குறையவில்லை. அறிவைக் கூட்டுவது எளிது, வரம்பில் நிறுத்துவது அரிது. ஸினான் அம்முதியவரின் அறிவைக் கூட்ட முயலாமல் வரம்பை வகுத்ததன் நுட்பம் இங்கே புலனாகும்.

ஸினானின் காலத்து இன்னொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. அமைச்சர் அலீ பின் ஈஸா அவருக்கு எழுதிய மடல்களில், சிறைக் கைதிகளை நாள்தோறும் பார்க்க மருத்துவர்களை அனுப்புமாறும், மருத்துவர் இல்லாத ஸவாத் நாட்டுப்புறக் கிராமங்களுக்கு மருந்துப் பெட்டகத்துடன் மருத்துவர்களை அனுப்புமாறும் பணித்தார். தலைநகரில் தேர்வு, நாட்டுப்புறத்துக்கு மருத்துவம் என இரு கடமைகளும் ஒரே தலைமுறையில், ஒரே மருத்துவரின் கையில் ஒப்படைக்கப்பட்டன. எட்டச் செய்தலும் தரம் காத்தலும் ஒன்றையொன்று பிரியக்கூடாதவை என்பதற்கு இது சான்று.

அறியாமல் சோதித்தல்

தேர்வு நாளில் அனைவரும் நல்லவராகவே நடப்பர். அன்றாடம் கடையில் அமர்ந்திருக்கையில் எவ்வாறு நடக்கின்றனர் என்பதை அறிய வேறு வழி வேண்டும். இதனையும் முன்னோர் அறிந்திருந்தனர். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாபக்கின் கிளர்ச்சியை அடக்கச் சென்ற தளபதி அஃப்ஷீனின் பாசறையில் மருந்து வணிகர் பலர் கடை விரித்திருந்தனர். மருத்துவர் ஸகரிய்யா அத்தைஃபூரீயின் யோசனைப்படி, மருந்தே அல்லாத ஏறத்தாழ 20 பெயர்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றை வாங்கி வருமாறு ஆட்களை அஃப்ஷீன் அனுப்பினார். சில வணிகர் இவற்றை அறியோம் என்றனர். சிலர் அறிவோம் என்று பணம் பெற்றுக்கொண்டு கடையிலிருந்த எதையோ எடுத்துக் கொடுத்தனர். அறியோம் என்று உண்மை சொன்னவர்கள் பாசறையில் தங்க அனுமதிக்கப்பட்டனர், மற்றவர்கள் வெளியேற்றப்பட்டனர்.

ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்குப் பின் இந்தியாவில் இதே முறை அறிவியல் ஒழுங்குடன் கையாளப்பட்டது. ஜிஷ்ணு தாஸ் முதலிய ஆய்வாளர்கள் நோயாளிகளைப் போல் நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை மத்தியப் பிரதேசக் கிராமங்களிலும் டில்லி நகரிலும் மருத்துவம் செய்வோரிடம் அனுப்பினர். 2012-இல் வெளியான அவ்வாய்வின்படி, மத்தியப் பிரதேசத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டோரில் 67 விழுக்காட்டினர் மருத்துவத் தகுதி ஏதும் அற்றவர்கள். அதனினும் அதிர்ச்சி தருவது, கேட்க வேண்டியவற்றைக் கேட்டு, செய்ய வேண்டிய சோதனைகளைச் செய்வதில் பட்டம் பெற்றோருக்கும் பெறாதோருக்கும் இடையே வேறுபாடு சிறிதளவே இருந்தது என்பது. பட்டம் சுவரில் இருந்தது. நோயாளியிடம் அது வந்து சேரவில்லை.

கையேடுகள் கூறுவது

ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீயும், எகிப்தின் இப்னுல் உகுவ்வாவும் (மறைவு: கி.பி. 1329) முஹ்தஸிபுக்கான கையேடுகளை இயற்றினர். கண் மருத்துவரை ஹுனைன் பின் இஸ்ஹாக்கின் கண்ணியல் நூலிலும், எலும்பு ஒட்டுவோரை ஏஜினா ஊர் பவுலின் நூலில் எலும்புகள் பற்றிய பகுதியிலும் சோதிக்க வேண்டும் என்று அவை வகுக்கின்றன. மருந்துக்கடையின் கலப்படங்களை வகைவகையாகப் பட்டியலிடுகின்றன.

இவற்றுள் நம் கருத்தை மிகவும் ஈர்ப்பது மருத்துவச் சீட்டு பற்றிய பகுதியாகும். மருத்துவர் நோயாளியிடம் நோயின் காரணத்தை வினவி, தாம் வகுத்த மருந்தை எழுதி, அதன் படியை நோயாளியின் வீட்டாரிடம் தர வேண்டும். ஒவ்வொரு நாளும் நிலைமையைப் பார்த்து அவ்வாறே எழுத வேண்டும். நோயாளி இறந்துவிட்டால் வீட்டார் அச்சீட்டுகளைப் பெயர்பெற்ற தலைமை மருத்துவரிடம் கொண்டு செல்வர். சிகிச்சை முறைப்படி நடந்திருந்தால் அவர் அதனைச் சொல்லித் தேற்றுவார். குறைபாடு கண்டால் அம்மருத்துவரிடம் தியத் என்னும் ஈட்டுத்தொகை பெறுமாறு கூறுவார். பழங்கால யவன அரசர்களின் வழக்கமாக இதனைக் கையேடு குறிப்பிட்டு, பின்பற்றத்தக்க முன்மாதிரியாக நிறுத்துகிறது. கையேடு எழுதியவை யாவும் எல்லா ஊரிலும் நடைமுறையில் இருந்தன என்று நாம் வாதிட மாட்டோம். ஆயினும் எது சரியான அளவுகோல் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பதிவேடு, மூன்றாமவரின் மறுஆய்வு, பாதிக்கப்பட்டோருக்கு ஈடு என்ற மூன்றும் அதில் அடங்கியுள்ளன.

ஏழையின் மருத்துவமனை

மருத்துவரைச் சோதிப்பதோடு மருத்துவமனையையும் ஒழுங்குபடுத்தியது வக்ஃப் ஆவணம். மம்லூக் சுல்தான் கலாவூன் ஹிஜ்ரி 683-இல் (கி.பி. 1284) கெய்ரோவில் நிறுவிய மன்ஸூரீ பீமாரிஸ்தான் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆண், பெண், செல்வர், வறியர், உள்ளூரார், வெளியூரார் என்ற வேறுபாடின்றி நோய் தீரும்வரை சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது அதன் பொதுவிதி. இவ்விதியைப் பலரும் எடுத்துரைப்பர். அதே ஆவணத்தின் சிறுசிறு விவரங்களை எடுத்துரைப்போர் குறைவு. ஒவ்வொரு நோயாளிக்கும் உணவு தனிக் கிண்ணத்தில் தரப்பட வேண்டும், மற்றவரோடு பகிரலாகாது. அவ்வுணவு மூடியே கொண்டுசெல்லப்பட வேண்டும். அதற்கு ஓலை மூடிகளும், கோடையில் வீசிக்கொள்ள ஓலை விசிறிகளும் வாங்க வக்ஃப் வருவாயில் செலவிட வேண்டும். இலவசம் என்பதால் எதுவும் போதும் என்று அவ்வாவணம் கருதவில்லை.

கி.பி. 1184-இல் டமாஸ்கஸ் வந்த பயணி இப்னு ஜுபைர், நூருத்தீன் 1154-இல் நிறுவிய பீமாரிஸ்தானைக் கண்டார். நோயாளிகளின் பெயரையும் அவர்களுக்கான மருந்து, உணவுச் செலவையும் பதிவேட்டில் எழுதும் அலுவலர்களையும், நாள்தோறும் அதிகாலையில் வரும் மருத்துவர்களையும் அவர் குறிப்பிடுகிறார். அதே இப்னு ஜுபைர், அங்கே மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டுச் சிகிச்சை பெற்றதையும் எழுதியுள்ளார். வரலாற்றை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பதனால் இதனையும் சொல்கிறோம். முன்னோரின் பதிவேடு நமக்கு முன்மாதிரி. முன்னோரின் சங்கிலி நமக்கு ஆதாரமாகாது. இதனைச் சொல்ல வேண்டிய தேவை நமக்கு ஏன் நேர்ந்தது என்பது பின்னர் விளங்கும்.

நவீன அங்கீகாரம்

இன்றைய அங்கீகார முறை அமெரிக்காவில் தோன்றியது. பாஸ்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன், சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரும் இறுதியில் என்ன ஆனார் என்று மருத்துவமனை பின்தொடர்ந்து பதிய வேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வற்புறுத்தினார். அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி 1917-இல் ஒரே பக்கத்தில் அடங்கிய குறைந்தபட்சத் தரவிதியை வகுத்தது. அதன்படி 100 படுக்கைக்கு மேற்பட்ட 692 மருத்துவமனைகளை ஆராய்ந்தபோது 89 மட்டுமே தேறின. பட்டியல் வெளியானால் பெரும் மருத்துவமனைகள் அவமானப்படும் என்று அஞ்சி, 1919-இல் நியூயார்க்கில் அவர்கள் கூடியிருந்த விடுதியின் உலையிலேயே அதனை எரித்துவிட்டனர். ஆயினும் முயற்சி நிற்கவில்லை. 1951-இல் கூட்டு அங்கீகார ஆணையம் உருவாயிற்று. பிற நாடுகளும் அவ்வழியைப் பின்பற்றின. மலேசியா 1997-லும் ஜோர்தான் 2007-லும் தத்தமக்கென அங்கீகார அமைப்புகளைக் கண்டன.

இந்தியாவில் தரக் குழுமத்தின் கீழ் இயங்கும் தேசிய மருத்துவமனை அங்கீகார வாரியம் 2005-06 வாக்கில் தோன்றியது. நாடி வரும் மருத்துவமனைகளை அது சோதித்துச் சான்றளிக்கிறது. இதனைப் பெரிதும் நாடியவை பெருநகரத் தனியார் மருத்துவமனைகளே. அரசு மருத்துவமனைகளுக்கென மத்திய நலவாழ்வு அமைச்சகம் 2013-இல் தேசியத் தர உறுதி நெறிகளை வகுத்தது. நோயாளியின் உரிமை, தொற்றுத் தடுப்பு, சிகிச்சையின் விளைவு உள்ளிட்ட 8 பொருள்களில் மதிப்பெண் இடப்பட்டு, மொத்தத்தில் 70 விழுக்காடு பெற்றால் சான்று கிடைக்கும். தமிழ்நாட்டில் உலக வங்கி உதவியுடன் 2019-இல் ஏற்கப்பட்ட நலவாழ்வுச் சீர்திருத்தத் திட்டமும் தரத்தை முதன்மை இலக்குகளுள் ஒன்றாகக் கொண்டது.

சான்று கிடைத்தால் தரம் வந்துவிடுமா? தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் 20 அரசு மருத்துவமனைகளை இரு குழுக்களாகப் பிரித்து நடந்த ஆய்வு 2003-இல் வெளியானது. அங்கீகாரத் திட்டத்தில் சேர்ந்த குழு தரவிதிகளைக் கடைப்பிடித்த அளவு 38 விழுக்காட்டிலிருந்து 76-ஆக உயர்ந்தது. சேராத குழுவில் 37 விழுக்காடு 38 ஆயிற்று, அவ்வளவே. எனினும் நோயாளி நேரடியாக உணரும் தரக்குறியீடுகளில் பெரும்பாலானவற்றில் இரு குழுவுக்குமிடையே தெளிவான வேறுபாடு தென்படவில்லை. விதிகள் நிறைவேறின; பலன் அதே வேகத்தில் வரவில்லை. பட்டத்துக்கு நேர்ந்ததே சான்றுக்கும் நேரலாம் என்பது இதனால் அறியப்படும்.

ஆகவே சான்றிதழ் பயனற்றது என்று முடிவு செய்வது தவறு. ஹிஸ்பாவின் உயிர் இடைவிடாத கண்காணிப்பு. முஹ்தஸிப் ஒருநாள் வந்து பலகை மாட்டிவிட்டுச் செல்பவர் அல்லர். சந்தையில் நாள்தோறும் நடப்பவர். தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு வாங்கும் மருந்துகளின் மாதிரிகளை எடுத்து, உற்பத்தியாளர் யார் என்பதை மறைத்து ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பி, தேறிய பின்னரே விநியோகிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அஃப்ஷீனின் பாசறைச் சோதனை இங்கே அலுவலக ஒழுங்காகவே மாறியிருக்கிறது. இம்முறையைப் பிற மாநிலங்களும் பின்பற்றின.

கண் மூடிய இடங்கள்

இதே மாநிலத்தில் கண்காணிப்பு உறங்கிய கதையும் உண்டு. தனியார் மருத்துவ நிலையங்களை முறைப்படுத்தும் சட்டம் தமிழ்நாட்டில் 1997-இல் இயற்றப்பட்டது. அதனைச் செயல்படுத்தும் விதிகள் 2018-இல்தான் வெளிவந்தன. இடையில் கழிந்தவை 21 ஆண்டுகள். பதிவு என்னும் முதற்படியும் கடந்த பின்னரும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. 2024 டிசம்பர் 12 அன்று இரவு திண்டுக்கல் நகரில் தனியார் எலும்பு மருத்துவமனை ஒன்றில் ஏற்பட்ட தீயில் ஒரு சிறுமி உட்பட குறைந்தது 6 பேர் உயிரிழந்தனர். மின்தூக்கிக்குள் சிக்கியோரும் அவர்களுள் இருந்தனர். புகை சூழும்போது எவ்வழியே வெளியேறுவது என்பதும் மருத்துவத் தரத்தில் அடங்கியதே.

இவற்றுக்கெல்லாம் முன்னர், 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நிகழ்ந்ததை நம் சமுதாயம் மறக்கலாகாது. ஸையித் இப்ராஹீம் ஷஹீத் (ரஹ்) அவர்களின் தர்காவை நாடி மனநலம் குன்றியோரை அழைத்துவருவது பல சமயத்தாரிடமும் நெடுங்கால வழக்கம். அதனைச் சார்ந்து தனியார் நடத்திய காப்பகங்கள் பல தோன்றின. அவற்றுள் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட இயலவில்லை. 28 பேர் இறந்தனர். மனநல மருத்துவச் சட்டம் 1987-லேயே உரிமம் வேண்டும் என்று வகுத்திருந்தது. காப்பகங்களோ உரிமமின்றி இயங்கின. நிகழ்ச்சிக்குப் பின் அவை மூடப்பட்டு, 500-க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. காப்பகத்தை நடத்தியோர் 2007-இல் தண்டிக்கப்பட்டனர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. பின்னர் ஏர்வாடியில் துஆவோடு மருந்தும் இணையும் வகையில் தர்கா வளாகத்தை ஒட்டியே அரசு மனநல மருத்துவ உதவி ஏற்படுத்தப்பட்டது வரவேற்கத்தக்க மாற்றம்.

அக்காப்பகங்களுக்கு நோயாளிகளை அழைத்துவந்தோர் கொடியவர் அல்லர். வேறு வழியறியாத தாய் தந்தையர். தர்காவில் துஆ செய்வது குற்றமும் அன்று. குற்றம் எங்கே? ஒரு மனிதனைப் பூட்டிவைக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொண்ட இடத்தை, நீ யார், என்ன அறிவாய், இரவில் தீப்பிடித்தால் என்ன செய்வாய் என்று எவரும் கேட்கவில்லை என்பதில்தான். ஆண்டுதோறும் அங்கே சென்ற ஆயிரக்கணக்கானோரில் ஆலிம்களும் செல்வந்தர்களும் அதிகாரிகளும் இருந்திருப்பர். முஹ்தஸிபின் வினாவை எழுப்பியவர் இலர்.

நம் பொறுப்பு

இன்று தமிழகத்து ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் இலவச மருத்துவ முகாம், ஆம்புலன்ஸ், இரத்ததானம், சிறு மருத்துவமனை எனப் பல நற்பணிகள் செய்கின்றன. கீரனூர் போன்ற ஊர்களில் இவற்றின் தேவை பெரிது. இவற்றில் ஈடுபடுவோரின் நிய்யத்தில் நமக்கு ஐயமில்லை. ஆனால் நிய்யத் செயலின் தொடக்கமே தவிர அதன் தரச்சான்று அன்று. ஒரு செயலைச் செய்தால் அதனைச் செவ்வனே, இத்கானுடன் செய்வதை அல்லாஹ் விரும்புகிறான் என்ற கருத்துடைய அறிவிப்பை நாம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அது தொழுகைக்கும் கட்டடக் கலைக்கும் மட்டும் உரியதன்று. இலவசமாகத் தருவதால் குறை பொறுத்துக்கொள்ளப்பட வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே ஊறியிருக்கிறது. கலாவூனின் ஆவணம் இதற்கு நேர்மாறானது. காசு கொடுப்பவர் வேறிடம் செல்ல இயலும். இலவசத்தை நாடி வருபவருக்குப் போக்கிடம் இல்லை. ஆகவே அவருக்கான கிண்ணமே கூடுதல் கவனத்துடன் மூடப்பட வேண்டும்.

இதனை நடைமுறையில் எவ்வாறு கொள்வது? முதலாவதாக, நம் நிறுவனம் எதுவாயினும் சட்டப்படி பதிவு செய்து, வெளியார் சோதனைக்குத் தாமே முன்வர வேண்டும். இரண்டாவதாக, ஸினான் வகுத்ததுபோல் தம் வரம்பை எழுதிவைக்க வேண்டும்: எந்நோயை இங்கே பார்ப்போம், எதனைத் தாமதமின்றிப் பழனிக்கோ திண்டுக்கல்லுக்கோ அனுப்புவோம் என்பது சுவரில் தெரிய வேண்டும். மூன்றாவதாக, முகாமில் பார்த்த நோயாளி பின்னர் என்ன ஆனார் என்று பதிவேடு வைக்க வேண்டும். எத்தனை பேருக்குச் சிகிச்சை அளித்தோம் என்ற எண் ஆண்டறிக்கைக்கு அழகு; எத்தனை பேர் குணமடைந்தனர் என்ற எண்ணே அமானத்தின் கணக்கு. நான்காவதாக, ஒரு மரணமோ பெருந்தவறோ நேர்ந்தால் வெளி மருத்துவர் ஒருவர் சீட்டுகளைப் பார்த்து வீட்டாருக்கு உண்மை சொல்லும் ஏற்பாடு வேண்டும். ஐந்தாவதாக, அரபுக் கல்லூரிகளில் ஹிஸ்பாவைப் பற்றிய பாடம் கடந்தகாலச் செய்தியாக முடிந்துவிடாமல், ஊரிலுள்ள மருந்தகத்தையும் காப்பகத்தையும் நோக்கி வினா எழுப்பும் பயிற்சியாக அமைய வேண்டும்.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஒரு பதிவேடு, ஓர் அறிவிப்புப் பலகை, ஆண்டுக்கு சிலமுறை வந்து பார்க்கும் நேர்மையான ஒரு மருத்துவர் ஆகியவை போதும். தேவைப்படுவது குறை சொல்லப்படுவதை ஏற்கும் மனம். அமெரிக்காவின் பெரும் மருத்துவமனைகள் அந்த மனம் இன்றித் தம் பட்டியலை உலையில் இட்டன. பக்தாதின் முதியவரோ தமக்குப் படிக்கத் தெரியாது என்று தேர்வாளர் முன் ஒப்புக்கொண்டார். அவருக்கு ஒரு வரம்பும், அவ்வரம்புக்குள் ஒரு வாழ்வும் கிடைத்தன.

நம்மிடம் வரும் நோயாளி அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத். அந்த அமானத்தைப் பற்றி மறுமையில் வினவப்படும் முன், இம்மையில் நம்மை நாமே வினவிக்கொள்ளும் நல்லறிவை அவன் நமக்கு அருள்வானாக.